வெறும் ஆணி

சுவரெல்லாம் பாதங்கள். ரப்பர் பாதங்கள். இடதுகள் ஒரு வரிசை, வலதுகள் ஒரு வரிசை. கடைசியில், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஒரு குழந்தைப் பாதம். அவற்றுக்குக் கீழே போட்டிருந்த பெஞ்சில் காலையிலிருந்து உட்கார்ந்து உட்கார்ந்து கொக்கிக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது.

"இத்தனை கால் இருக்கு, ஒண்ணுகூட நம்ம பக்கம் வர மாட்டேங்குதே மேடம்," என்றார் ரேடியோ.

"வாயை மூடுய்யா."

மனசு நன்றாக இருக்கும் நாட்களில் அவள் அவரை அண்ணே என்பாள். இன்று காலையிலிருந்து யோவ்தான். ரேடியோ அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளவில்லை. இப்போது அவளுக்குத் துணையாள், ஒரு காலத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தவர். கடையை மூடினார், வாயை மூடவில்லை. அந்தப் பெயர் அப்படித்தான் வந்தது. கொக்கிக்குப் பெயர் வந்தது இன்ஷூரன்ஸ் கம்பெனியில். விபத்து நடந்ததாகச் சொல்லிக்கொண்டு வருகிறவர்களின் பேச்சில் எந்த வார்த்தையில் கொக்கி போட்டால் மொத்தமும் கையோடு வரும் என்று அவளுக்குத் தெரியும். அந்த வேலையை விட்டுவிட்டுத் தனியாகத் துப்பறிய வந்து, இப்போது செயற்கைக் கால் செய்யும் பட்டறையில் பெஞ்சு தேய்த்துக்கொண்டிருந்தாள்.

அவளைக் கூட்டிவந்தவளோ வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே விடக் கூடாது என்பது முதலாளியின் உத்தரவு. பட்டறையில் எல்லோரும் அவளைக் கம்ப்யூட்டர் பொண்ணு என்பார்கள். அவர்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள். கால் அளவுகளைச் சேமித்து வைக்கும் புரோகிராமை எழுதிக் கொடுத்தது அவள்தான். வெள்ளிக்கிழமை வேலையை விட்டாள். திங்கட்கிழமை காலை புரோகிராமைத் திறந்தால், இத்தனை நாள் சேர்த்த அளவுகளில் ஒன்றுகூட இல்லை. அழித்துவிட்டுப் போய்விட்டாள் என்று முதலாளி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள வேலையை விட்டாச்சுன்னு முதலாளி லெட்டர் குடுக்கலைன்னா புது வேலை போச்சு அக்கா," என்று வரும் வழியில் அவள் சொல்லியிருந்தாள். "அது போனாலும் பரவாயில்ல. டேட்டாவை அழிச்சவள்னு போலீஸ்ல ஒரு வரி எழுதிட்டாங்கன்னா, இந்தத் தொழில்ல ஒருத்தனும் என்னைக் கீபோர்டைத் தொட விடமாட்டான். எங்கப்பா தெருவெல்லாம் சொல்லிவச்சிருக்கார், எம்பொண்ணு கம்ப்யூட்டர் இன்ஜினியர்னு."

பெஞ்சின் மறுமுனையில் ஊன்றுகோல்களை மடியில் போட்டுக்கொண்டு ஒரு தபால்காரர் காத்திருந்தார். முழங்காலுக்குக் கீழே வலது கால் இல்லை. அவருக்கு இன்று சாக்கெட் செய்வதாக ஏற்பாடு. மீதிக் காலை நுழைத்துக்கொள்ளும் கிண்ணம்தான் சாக்கெட். வெள்ளிக்கிழமை எடுத்த அளவே காணாமல் போன பிறகு எங்கே செய்வது?

"திரும்ப அளவெடுக்கணும், வரிசைல உக்காருங்கன்னுட்டாங்கம்மா," என்றார் அவர். "லீவு முடியப்போகுது. ஏற்கெனவே செருப்புக் கடைக்காரன் எனக்குப் பாதி விலைக்குத் தர மாட்டேங்குறான், இதுல இது வேற."



கடைசியாக முதலாளி வந்தார். சட்டைப்பையில் பேனா, இடுப்பில் சாவிக்கொத்து, முகத்தில் ஏற்கெனவே தீர்ப்பு.

"நேரா சொல்றேன்மா. அவ போனா, அளவும் போச்சு. இதுக்கு மேல துப்பறிய என்ன இருக்கு? மதியச் சாப்பாடு முடிஞ்சதும் நான் ஸ்டேஷனுக்குக் கிளம்பிடுவேன்."

"அவங்க அழிச்சதைப் பார்த்தது யாரு?"

"வேற யாருக்கு இங்க அழிக்கத் தெரியும்? எனக்கு மவுஸே புடிக்க வராது."

"அழிக்கறதுக்குப் படிப்பு எதுக்கு சார்? என் கடைக்கு வந்த கேஸ்ல பாதி, ஒண்ணும் தெரியாதவங்க அழிச்சதுதான்," என்றார் ரேடியோ.

முதலாளி அவரைப் பார்க்கவேயில்லை. வரவேற்பு மேசையைத் தட்டினார். "நான் ஏமாளி இல்ல. வெள்ளிக்கிழமை அவ கிளம்பறப்ப, இதே மேசைல பையைக் கொட்டிப் பார்த்துட்டுத்தான் அனுப்பினேன். ஒரு துரும்பு வெளிய போகலை. சந்தேகப்பட்ட சாமானை எல்லாம் ஒரு கவர்ல போட்டு, ஒட்டி, மேல கையெழுத்துப் போட்டு, என் டிராயர்ல பூட்டி வச்சிருக்கேன். ஆதாரம்."

"என்ன சாமான்?"

"அளவு டேப்பு. ஒரு பென் டிரைவ். ஸ்க்ரூடிரைவர். சோப்பு டப்பா."

"சோப்பு டப்பாவா?" என்றார் ரேடியோ. "அடேங்கப்பா. அதுக்குள்ள எத்தனை கால் அளவு போட்டிருந்தாங்களோ."

"அதெல்லாம் என்னோடது," என்று வாசற்படியிலிருந்து குரல் வந்தது. "டேப்பு, சோப்பு டப்பா, எல்லாம். உட்கார்ந்திருந்த அத்தனை பேர் முன்னாடியும் கொட்டினார் அக்கா. என் டிபன் பாக்ஸை மோந்து பார்த்தார்."

தபால்காரர் தரையைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை அவரும் இதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

கொக்கிக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால் வெளியே அனுப்பிவிடுவார். "அந்தக் கம்ப்யூட்டரைப் பார்க்கணும்," என்று மட்டும் சொன்னாள்.

அளவெடுக்கும் அறை பின்பக்கம், சந்துப் பக்கம் பார்த்த ஜன்னலோடு இருந்தது. ஒரு ஓரத்தில் மறைப்புத் துணி. அதற்கு அந்தப் பக்கம் யாரோ ஈரமாக எதையோ அறைந்துகொண்டிருந்தார்கள். அறை முழுக்க, காலுக்கு அச்செடுக்கும் பிளாஸ்டர் தூள். நாற்காலி வெள்ளை, மின்விசிறி வெள்ளை, கீபோர்டில் எழுத்தே தெரியவில்லை. அந்த வெள்ளைக்கு நடுவே ஒருவர் மட்டும் இஸ்திரி கலையாமல் நின்றார். முதலாளி மனைவியின் தம்பி. முதலாளி அவரை மச்சான் என்று கூப்பிட, சம்பந்தமே இல்லாத வேலைக்காரர்களும் மச்சான் என்றே கூப்பிட்டார்கள். அவர்தான் மேனேஜர்.

"தொடறதா இருந்தா என்கிட்ட கேட்டுட்டுத் தொடணும்," என்றார் மச்சான்.

"தூசு தட்டிட்டுக் குடுத்தீங்கன்னா தொடறது எதுன்னாவது தெரியும்," என்று ரேடியோ கைக்குட்டையால் கீபோர்டைத் துடைத்தார்.

புரோகிராம் திறந்தது. மேலே பட்டறையின் பெயர், கீழே ஒரு பூஜ்யம். அவ்வளவுதான்.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு முகம் தோன்றியது. கம்ப்யூட்டர் பொண்ணு சந்து வழியாகச் சுற்றி வந்திருந்தாள். மச்சான் வாயைத் திறப்பதற்குள் கொக்கி சொன்னாள்: "உள்ள வரக் கூடாதுன்னுதான சொன்னார். அவங்க வெளியதான் நிக்கறாங்க." பிறகு ஜன்னலைப் பார்த்து, "அளவெல்லாம் எதுல இருந்துச்சு? எனக்குப் புரியற மாதிரி சொல்லும்மா."

"பெரிய டேட்டாபேஸ் போட்டா அதுக்குத் தனியா ஒரு சர்வர் ஓடணும் அக்கா. வாங்கித் தரச் சொன்னேன். கால் செய்யற எடத்துல அதெல்லாம் எதுக்குன்னார் முதலாளி. அதான் ஒரு சின்ன லைப்ரரி, வேற யாரோ எழுதிவச்ச ரெடிமேட் கோடு. புரோகிராமுக்குள்ளயே உக்காந்திருக்கும். எல்லாத்தையும் ஒரே ஒரு ஃபைல்ல எழுதும், அதுலயே தேடி எடுக்கும்."

"சர்வர் இல்லாத ஹோட்டல்," என்றார் ரேடியோ. "நாமளே அடுப்படிக்குப் போய் சட்டியிலேர்ந்து அள்ளிப் போட்டுக்கணும்."

"ஆமாண்ணா."

"சட்டி தொலைஞ்சா?"

"சாப்பாடு மொத்தமும் போச்சு." அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "இன்னொரு டிஸ்க் குடுங்க, தினம் ஒரு நகல் எடுத்து வைக்கறேன்னு கேட்டேன். எதுக்கு ரெண்டுன்னார்."

ரேடியோ அந்த ஃபைலைக் கண்டுபிடித்தார். கம்ப்யூட்டருக்குள் புரோகிராம் இருந்த அதே இடத்தில், பக்கத்திலேயே இருந்தது. "இருக்கு. ஆனா கொசு மாதிரி இருக்கு. ஒண்ணுமே இல்லாத அளவு."

ஜன்னலில் இருந்த முகம் மாறியது. "சின்னதாவா இருக்கு? இருக்க முடியாதே."

"ஏன்? அழிச்சா சின்னதாகும்," என்றார் மச்சான்.

"ஆகாது. இது கடைசில எழுதிக்கிட்டே போற ரகம். ஒருத்தர் அளவை அழின்னு சொன்னா, பழசைத் தொடாது. 'இவரை அழிச்சாச்சு'ன்னு கீழ இன்னொரு வரி சேர்த்துக்கும். அழிக்க அழிக்க ஃபைல் பெருசாத்தான் ஆகும்."

"எங்க வீட்ல அப்படித்தான்," என்றார் ரேடியோ. "நீங்க செஞ்சதை மறந்துட்டேன்னு ஒவ்வொரு தடவை சொல்றப்பவும், செஞ்சது என்னன்னு முதல்லேர்ந்து சொல்லுவா."

கொக்கிக்குள் ஏதோ நிமிர்ந்து உட்கார்ந்தது. "அப்ப இது காலி பண்ணின வீடு இல்ல. காலி பண்ணினா சுவத்துல ஆணி அடிச்ச ஓட்டையாவது இருக்கும். இது புது வீடு. யாரும் குடியே வரலை."

அந்த நிமிடம் அவளுக்கு இனித்தது. அடுத்த நிமிடமே மச்சான் அதைக் கெடுத்தார்.

"பழைய வீட்டை இடிச்சுத் தள்ளிட்டா? ஃபைலையே மொத்தமா அழிச்சுட்டுப் போயிருக்கலாம்ல?"

கொக்கி ஜன்னலைப் பார்த்தாள். கம்ப்யூட்டர் பொண்ணு தயங்கித் தலையாட்டினாள். "செய்ய முடியும். ஃபைல் இல்லைன்னா புரோகிராம் திறக்கறப்ப அந்த லைப்ரரியே புதுசா ஒண்ணை உண்டாக்கிக்கும்."

"பழசு எங்கன்னு கேட்காதா?"

"கேட்காது அக்கா. சத்தமே போடாது. அது சௌகரியம்னு வச்சிருக்காங்க."

"யாருக்குய்யா சௌகரியம்?" என்று கொக்கி ரேடியோ மீது விழுந்தாள். ரேடியோ, அந்த லைப்ரரியைத் தான் பெற்றெடுத்தது போலத் தலையைக் குனிந்துகொண்டார்.

கிடைத்த ஒரே துப்பு பாதி வழியில் படுத்துவிட்டது. வெளியே சாப்பாட்டு நேரத்துக்கான மணி அடித்தது. முன்னறையில் முதலாளி டிபன் கேரியரைப் பிரிக்கும் சத்தம். அவர் எத்தனை வாய் சாப்பிடுவாரோ அதுவரைதான் அவகாசம். சீக்கிரம் சாப்பிடுகிறவர் போலத்தான் தெரிந்தது.

"இந்தப் புது ஃபைல் பிறந்தது எப்பய்யா?"

"திங்கக்கிழமை காலைல. பட்டறை திறந்த நேரம்."

"அன்னிக்குப் புரோகிராமைத் திறந்தது யாரு?"

"நான்தான்," என்றார் மச்சான். "ஐகானைத் தட்டினேன், திறந்தது, காலி."

"தினமும் நீங்கதான் திறப்பீங்களா?"

"எனக்கு வேற வேலை இல்லையா? மாஸ்டர்தான் திறப்பார். அளவெடுக்கறவர் அவர்தானே. அன்னிக்குத் திறக்க வரலைன்னு என்னைக் கூப்பிட்டார்."

கொக்கி விழுந்தது. தினமும் திறக்கிற ஆளுக்கு ஒரே ஒரு நாள் திறக்க வரவில்லை. வரவில்லையா, ஏதாவது இல்லையா?

அவள் மறைப்புத் துணியை நோக்கிப் போனாள். "மாஸ்டர், ஒரு நிமிஷம்."

"பிளாஸ்டர் காயுது," என்றது துணிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். "இப்பக் கையை எடுத்தா இவர் காலு கோணிக்கும்."

"ஒரே ஒரு கேள்வி."

"வாயைத் திறந்தா கை ஆடும்மா."

"இப்பத் திறந்துதான பேசறீங்க."

"அதான் ஆடுது. போங்க."

கொக்கி பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினாள். இந்த இடத்தில் எல்லாமே ஒரு மறைப்புக்குப் பின்னால் இருந்தது. கேட்டால் காயுது, தட்டினால் காலி, உள்ளே விட்டால் ஆகாது. கோபத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தபோதுதான் அவள் கண் கம்ப்யூட்டர் பெட்டியின் முகத்துக்கு நேராக வந்தது.

பெட்டியின் முன்பக்கம், பென் டிரைவ் சொருகுகிற ஓட்டைகள் இரண்டு. ஒன்றில் பிளாஸ்டர் தூள் அடைத்துக் கல்லாகிக் கிடந்தது. மற்றது பளிச்சென்று, ஓரம் தேய்ந்து, சுத்தமாக இருந்தது.

"யோவ், இங்க பாரு. இவ்வளவு தூசுல ஒரு ஓட்டை மட்டும் குளிச்சுட்டு நிக்குது."

"தினமும் எதையோ சொருகி உருவியிருக்காங்க," என்றார் ரேடியோ. அவர் குரலில் இப்போது ஜோக் இல்லை.

கொக்கி நிமிர்ந்தாள். பெட்டிக்கு மேலே, கை எட்டும் உயரத்தில், சுவரில் ஒரு ஆணி. ஆணியில் எதுவும் இல்லை. அதற்கு நேர் கீழே, வெள்ளைப் படலத்துக்கு நடுவில், விரல் நீளத்துக்குச் சுவரின் பழைய நீலம் தெரிந்தது.

"இந்த ஆணில என்ன தொங்கும்?"

மச்சான் எட்டிப் பார்த்தார். "யாருக்குத் தெரியும்? காலண்டரா இருக்கும்."

"விரல் நீளக் காலண்டரா?" என்றார் ரேடியோ. "ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான் காட்டுமோ?"

மறைப்புத் துணி விலகியது. முழங்கை வரை வெள்ளையாக மாஸ்டர் வெளியே வந்தார். அறுபது வயதுக்காரருக்குரிய நிதானம், இந்தப் பட்டறை தன் கையால்தான் நடக்கிறது என்ற மிடுக்கு. வாளியில் கையை விட்டபடியே, "என்னமோ ஒரு கேள்வின்னீங்க?" என்றார்.

"திங்கக்கிழமை உங்களால ஏன் திறக்க முடியலை?"

வாளிக்குள் கை நின்றது.

"இந்த ஆணில தொங்கினது எங்க மாஸ்டர்?"

மாஸ்டர் மச்சானைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். பிறகு வாளித் தண்ணீரைப் பார்த்துச் சொன்னார்: "சாவியைக் காணோம்."

"என்ன சாவி?"

"கம்ப்யூட்டர் சாவிதான். இந்தப் பொண்ணு முதல் நாள் சொருகித் திறந்து காட்டிச்சு. அன்னிலேர்ந்து அப்படித்தான். சொருகுவேன், அதுக்குள்ள இருக்கற படத்தைத் தட்டுவேன். வேலை முடிஞ்சா உருவி ஆணில மாட்டிடுவேன். திங்கக்கிழமை வந்து பார்த்தா ஆணி மொட்டையா நிக்குது. இவர்கிட்ட சொன்னேன். 'சாவியே வேண்டாம் மாஸ்டர், பாருங்க'ன்னு வேற படத்தைத் தட்டித் திறந்துட்டார்."

"இதை ஏன் யார்கிட்டயும் சொல்லலை?"

"எதுக்குச் சொல்லணும்? சாவியைத் தொலைச்சவன் நான்னு என் தலைல கட்டவா?" என்றார் மாஸ்டர். தன் தலை தப்பினால் போதும் என்று அவர் முடிவு செய்ததில், ஜன்னலுக்கு வெளியே நின்றவளின் தலை போய்க்கொண்டிருந்தது. அதைப் பற்றி அவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

ஜன்னல் கம்பியில் இருந்த விரல்கள் இறுகின. "அக்கா," என்றாள் கம்ப்யூட்டர் பொண்ணு மெதுவாக. "அது சாவி இல்ல. புரோகிராமைக் கொண்டுவந்த பென் டிரைவ். அதுலேர்ந்து ஒரு தடவை ஓட்டிக் காட்டிட்டு, கம்ப்யூட்டருக்குள்ள காப்பி பண்ணி, ஐகானும் வச்சிட்டுப் போனேன். அதைத்தான் தட்டறார்னு நினைச்சுட்டு இருந்தேன். என் மேசை முன்பக்கம். ஒரு தடவைகூட ரிப்பேர்னு கூப்பிடலை, அதனால இந்த ரூமுக்குத் திரும்ப வந்து பார்க்கவே இல்ல."

"பென் டிரைவ்லேர்ந்து திறந்தா என்ன?"

"ஃபைலை எங்க வைக்கணும்னு ஒரு வரி எழுதணும். நான், 'உன் பக்கத்துலயே வை'ன்னு எழுதினேன். புரோகிராம் எங்கேர்ந்து ஓடுதோ, அதுக்குப் பக்கத்துல."

கொக்கிக்குப் புரிந்தது. புரிந்ததும் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. "அப்ப இத்தனை நாளும் அளவெல்லாம்..."

"பென் டிரைவ்லதான் எழுதிக்கிட்டு இருந்திருக்கு. இந்தக் கம்ப்யூட்டருக்குள்ள ஒரு கால் அளவுகூட வந்ததே இல்ல. திங்கக்கிழமை இவர் இங்க இருக்கற ஐகானைத் தட்டினதும், பக்கத்துல ஃபைல் இல்லன்னு புதுசா ஒண்ணைப் பெத்துப் போட்டிருக்கு."

"பெட்டகத்தையே சாவின்னு ஆணில மாட்டி வச்சிருக்காங்க," என்றார் ரேடியோ.

"அந்தப் பென் டிரைவ் இப்ப எங்க?" என்றாள் கொக்கி. கேட்கும்போதே அவளுக்குப் பதில் தெரிந்துவிட்டது. ஜன்னலில் இருந்தவளுக்கும்தான்.

"நான்தான் எடுத்தேன்," என்றாள். "வெள்ளிக்கிழமை மாஸ்டர்கிட்ட சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன். அவர் இல்ல. ஆணில என் பென் டிரைவ் தொங்குச்சு. முதல் நாள் மறந்துட்டுப் போனது இன்னும் இங்கயே கிடக்குதேன்னு எடுத்துப் பையில போட்டேன்."

"கேட்டீங்களா?"

வாசலில் முதலாளி நின்றார். கையில் சாப்பாட்டு ஈரம் இன்னும் காயவில்லை. "கேட்டீங்களா எல்லாரும்? அவ வாயாலயே ஒத்துக்கிட்டா. மொத்த அளவையும் எடுத்துப் பையில போட்டாளாம். மச்சான், வண்டியை எடு."

கம்ப்யூட்டர் பொண்ணு கம்பியை விட்டுவிட்டு ஒரு அடி பின்னால் போனாள். அந்த ஒரு அடியைப் பார்த்ததும் கொக்கி எழுந்துவிட்டாள்.

"இருங்க சார். எடுத்தாங்க, சரி. வெளிய கொண்டு போனாங்களா?"

"பின்ன? எடுத்தவ கொண்டு போகாம..." முதலாளி நின்றுவிட்டார்.

"காலைல என்ன சொன்னீங்க? ஒரு துரும்பு வெளிய போகலைன்னு."

முதலாளிக்குப் பின்னால், ஊன்றுகோல் தட்டும் சத்தம். தபால்காரர் எழுந்து வந்திருந்தார். "எப்படிக் கொண்டு போவாங்க?" என்றார். "நான் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தேன். பையைக் கவுத்துக் கொட்டி, பென் டிரைவைத் தனியா எடுத்து, 'இதுல எதைத் திருடினே'ன்னு கேட்டு, நீங்கதானே சார் கவர்ல போட்டீங்க."

முதலாளியின் கை, அவருக்குத் தெரியாமலேயே, இடுப்புச் சாவிக்கொத்துக்குப் போனது.

"இந்தப் பட்டறையோட மொத்த அளவும் வெள்ளிக்கிழமையிலேர்ந்து உங்க டிராயர்லதான் இருக்கு," என்றாள் கொக்கி. "நீங்களே ஒட்டி, நீங்களே கையெழுத்துப் போட்டு, நீங்களே பூட்டினது. ஸ்டேஷனுக்குப் போறதுன்னா போங்க. யார் எடுத்து வச்சிருக்காங்கன்னு கேட்டா என்ன சொல்லப்போறீங்கன்னு மட்டும் வழில யோசிச்சுக்கங்க."

"மாமா," என்றார் மச்சான் சன்னமாக. "அதை ஃபார்மேட் பண்ணி, எல்லாத்தையும் துடைச்சு, வீட்டுக்கு எடுத்துக்கறேன்னு கேட்டேன்ல? நல்லவேளை, ஆதாரம்னு விடலை நீங்க."

முதலாளி அவரைப் பார்த்த பார்வையில் பிளாஸ்டர் ஒரு நொடியில் காய்ந்திருக்கும்.

கவர் வந்தது. அதைக் கிழிக்க முதலாளிக்கே மனமில்லை, ரேடியோ கிழித்தார். அளவு டேப்பும் ஸ்க்ரூடிரைவரும் சோப்பு டப்பாவும் விழுந்தன. அவற்றுக்கு நடுவே, நூல் கட்டிய ஒரு பென் டிரைவ். நூலெல்லாம் பிளாஸ்டர்.

"தெரிஞ்சவங்க உள்ள வந்து திறக்கட்டும்," என்றாள் கொக்கி. முதலாளி வழிவிட்டு ஒதுங்கினார்.

கம்ப்யூட்டர் பொண்ணு முன்வாசல் வழியாகவே உள்ளே வந்தாள். சொருகினாள். பென் டிரைவுக்குள் இருந்த ஐகானைத் தட்டினாள். பூஜ்யம் இருந்த இடத்தில் பெயர்கள் கடகடவென்று இறங்கின. ஓட்டுநர், தையற்காரர், ஒரு பள்ளிக்கூடக் குழந்தை. கடைசிப் பெயர் தபால்காரருடையது. அவருடைய மீதிக் காலின் சுற்றளவு, மேலிருந்து கீழாக, ஒன்று விடாமல் இருந்தது. தபால்காரர் தன் காலைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

அவள் முதலில் செய்த வேலை, அந்த ஃபைலுக்கு இரண்டு நகல் எடுத்தது. யாரையும் கேட்கவில்லை.

"சரி, கிடைச்சாச்சுல்ல," என்று முதலாளி தொண்டையைச் செருமினார். "விடுங்க. யார் மேலயும் தப்பில்லை."

கொக்கிக்கு அடக்கிவைத்ததெல்லாம் நெஞ்சுக்கு வந்தது. அந்தப் பொண்ணு திருடி என்றால் தப்பு அவளுடையது. டிராயர் முதலாளியுடையது என்றால் தப்பு யாருடையதும் இல்லை. கொக்கி வாயைத் திறப்பதற்குள் கம்ப்யூட்டர் பொண்ணு முந்திக்கொண்டாள்.

"என் மேல தப்பு இருக்கு சார். ஒரு வரி. அதை நான் சரி பண்ணிட்டுப் போறேன். உங்க மேல இருக்கறதை நீங்க சரி பண்ணுங்க. பையை எந்த மேசைல கொட்டினீங்களோ, அதே மேசைல, அதே மாதிரி எல்லார் முன்னாடியும் உக்காந்து, என் லெட்டர்ல கையெழுத்துப் போடுங்க. நான் எதையும் திருடலைன்னு வாய்விட்டுச் சொல்லிட்டுப் போடுங்க."

"அதெல்லாம் எதுக்கு..."

"நான் சாட்சி சொல்ல ஸ்டேஷனுக்கு வரணுமா, இல்ல சாக்கெட்டுக்கு உக்காரணுமான்னு எனக்குத் தெரியணும் சார்," என்றார் தபால்காரர்.

முதலாளி முன்னறைக்கு நடந்தார். மேசையில் உட்கார்ந்தார். பெஞ்சில் காத்திருந்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். சொல்ல வேண்டியதை அவர் வேகமாக, பேனாவைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கேக்கலை," என்றார் பெஞ்சில் ஒரு பெரியவர். உண்மையாகவே கேட்கவில்லையா என்று தெரியாது. முதலாளி இன்னொரு முறை சொன்னார்.

அவர் கையெழுத்துப் போட்டு முடித்தபோது, அவள் அதே மேசையின் மறுபாதியில் தன் லேப்டாப்பைத் திறந்து, அந்த ஒரு வரியை மாற்றியிருந்தாள். பின்னறைக்குப் போய்ப் புரோகிராமையும் அளவு ஃபைலையும் கம்ப்யூட்டருக்குள் ஏற்றினாள்; மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள். இனி ஃபைல் ஓரிடத்தில்தான் இருக்கும். அங்கே இல்லையென்றால், புரோகிராம் சத்தமில்லாமல் புதிதாக ஒன்றை உண்டாக்காது. நின்று, சொல்லிவிட்டு, மூடிக்கொள்ளும்.

"சோதிச்சுப் பாருங்கண்ணா," என்றாள்.

ரேடியோ ஃபைலை வேறு இடத்துக்கு நகர்த்திவிட்டு ஐகானைத் தட்டினார். திரையில் பெரிய எழுத்தில் வந்தது:

*அளவுக் கோப்பைக் காணோம். யாருடைய பையையும் கொட்டுவதற்கு முன், உங்கள் டிராயரைப் பார்க்கவும்.*

மாஸ்டர் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் மறைப்புத் துணிக்குப் பின்னால் போய்விட்டார். முதலாளி இரண்டு முறை படித்தார்.

"இந்த வாசகத்தை மாத்த முடியாதா?"

"முடியும் சார்." அவள் பென் டிரைவையும் சோப்பு டப்பாவையும் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். "புரோகிராம் எழுதத் தெரிஞ்ச ஆள் யாரையாவது வேலைக்கு வைங்க. நான் வெள்ளிக்கிழமையே விட்டுட்டேன்."

அவள் படியிறங்கிப் போவதை, பாதங்களுக்குக் கீழே நின்று கொக்கி பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் பையைத் தோளில் மாட்டினாள்.

"கிளம்பலாமாண்ணே?" என்றாள்.